அண்ணன் குதிக்காத நாள்

என் அண்ணன் வெல்டர். ஊரில் அவனுக்குத் தீப்பொறி என்று பெயர். வேலை செய்யும்போது பறக்கிற பொறிக்காக வைத்த பெயர் என்று அவன் சொல்லிக்கொள்வான். அவன் வாய்க்காக வைத்தது என்று அண்ணி சொல்வாள். நான் அண்ணி கட்சி. ஓட்டை இல்லாத சட்டை அவனிடம் ஒன்றுகூடக் கிடையாது. பொறி பட்டுப் பொத்தல் விழுந்த சட்டையோடுதான் விசேஷத்துக்கும் வருவான், ஆஸ்பத்திரிக்கும் வருவான். நகக்கண்ணில் எந்நேரமும் சில்வர் பெயிண்ட் ஒட்டியிருக்கும். அவன் வேலையில் யாராவது ஒரு குறை சொல்லிவிட்டால் அன்றைக்கு அவனும் சாப்பிட மாட்டான், வீட்டில் மற்றவர்களையும் நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டான்.

நாங்கள் இருப்பது கடலை ஒட்டிய தெரு. வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்து இங்கே இரும்பைத் தின்னும். ரவிக்கையில் ஊக்கை மறந்து விட்டுவிட்டால் மறுநாள் பழுப்புக் கறை. கத்தரிக்கோலை எண்ணெய்த் துணியில் சுற்றித்தான் வைப்போம். எங்கள் மாடி வராந்தாவை அடைத்து ஒரு கம்பிக் கிராதி உண்டு, என் மாமனார் காலத்தில் போட்டது. வெறும் இரும்பு, பூச்சு கீச்சு எதுவும் கிடையாது. வருஷா வருஷம் சிவந்துபோய் நிற்கும். என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். லீவு போட்டு உட்கார்ந்து அதைச் சுரண்டுவார், பெயிண்ட் அடிப்பார், அடுத்த வருஷம் மறுபடியும் சுரண்டுவார்.

"அதக் கழட்டி எறிடா. வர்றவங்க முன்னாடி மானம் போகுது" என்பார் என் மாமியார். 

கீழே ஒரு கயிற்றுக் கிடங்கு, மாடியில் நாங்கள். ஏறி இறங்க வெளிப்பக்கமாக ஒரே ஒரு படிதான். பழைய மரப்படி ஆட ஆரம்பித்தபோது வீட்டுக்காரர் சிமெண்டில் கட்டலாம் என்றார். அண்ணன் துள்ளிக் குதித்தான்.

"என் தங்கச்சி ஏறி எறங்குற படி. அத எவனோ வந்து கட்டுவானா? ஜி.ஐ. பைப்புல நான் கட்டித் தரேன் மாப்ள. துருங்கற பேச்சே இருக்காது."

ஜி.ஐ. என்றால் துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பு. உப்புக் காற்று முதலில் மேலே இருக்கிற துத்தநாகத்தைத்தான் தின்னும். உள்ளே இரும்பைத் தொட நாளாகும். படி வந்து நின்றபோது தெருவே வேடிக்கை பார்த்தது. அப்படி ஒரு பளபளப்பு. பாதியில் திரும்புகிற இடத்தில் சின்ன மேடை. கட்டி முடித்த கையோடு அண்ணன் அந்த மேடையில் ஏறி, செருப்புக் காலோடு தொம் தொம்மென்று குதித்தான்.

"யானையக் கூட்டிட்டு வாங்க மாப்ள, ஏத்திக் காட்டறேன்!"

அதுவே அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. எப்போது எங்கள் வீட்டுக்கு வந்தாலும் மேடையில் நின்று குதித்துவிட்டுத்தான் மேலே வருவான். அந்தச் சத்தம் கேட்டதும் நான் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவேன். எங்களிடம் மட்டுமில்லை, யாருக்குப் படி கட்டினாலும் இதே கூத்துதான். கட்டிக்கொண்டவர்களும் அவனைப் பார்த்துப் படித்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் குதித்துக் காட்டுவார்கள்.

என் மாமியார் குதிக்கவில்லை, அவ்வளவுதான். மற்றபடி அந்தப் படிமேல் அவருக்கு அப்படி ஒரு பெருமை. அண்ணனை நேரில் பார்த்தால், "என்னப்பா, இன்னிக்கும் ஓட்டைச் சட்டைதானா? உன் பொண்டாட்டிக்கு ஊசி புடிக்கத் தெரியாதா?" என்று வாரிவிடுவார். அவன் அந்தப் பக்கம் போனதும் எதிர்வீட்டம்மாவிடம், "என் மருமக அண்ணன் கட்டுனதாக்கும்" என்பார். தினமும் காலையில் வாளியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து படியை மேலிருந்து கீழ்வரை கழுவி, கைப்பிடியைத் துணியால் துடைத்துவிடுவார். என்னைச் செய்ய விடமாட்டார். "நீ செஞ்சா செஞ்ச மாதிரியா இருக்கும்?"

படி கட்டிச் சில வருஷம் கழித்து ஒருநாள் காலையில் அத்தை, அதாவது என் மாமியார், குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது ஒரு கால் திருகிக்கொண்டு தரையில் கிடந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். நான் அண்ணனுக்குச் செய்தேன். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் நான் முதலில் அவனைத்தான் கூப்பிடுவேன்.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. டிரைவரும் ஒரு நர்ஸும். நர்ஸ் ஆண்பிள்ளை, வாட்டசாட்டமான ஆள். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் தடதடவென்று ஏறி வந்தார்கள். அத்தையைப் பார்த்ததும் நர்ஸின் முகம் மாறியது.

"தொடை எலும்பு உடைஞ்சிருக்கு. உள்ள ரத்தம் கசியுதுன்னு நெனைக்கறேன், பிரஷர் எறங்கிட்டே வருது. சீக்கிரம் போயிடணும்."

அப்போதுதான் அண்ணனின் வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நான் வராந்தாவுக்கு ஓடிப் போய்க் கிராதி வழியாகப் பார்த்தேன். அவன் இறங்கினான். நேரே படியேறாமல் படிக்கு அடியில் போய்க் குனிந்தான். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தான். இவன் என்ன, ஆள் உயிருக்குப் போராடும்போது கீழே எதையோ தேடிக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

பிறகு ஏறி வந்தான். சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் பாதத்தைச் சுவர் ஓரமாக வைத்து வைத்து வந்தான். மேடையில் நிற்கவில்லை, குதிக்கவில்லை. ஒரே எட்டில் தாண்டி மேலே வந்துவிட்டான். முகம் பேயறைந்தது போல இருந்தது. அத்தைக்காகத்தான் அப்படி இருக்கிறான் என்று முதலில் நினைத்தேன்.

அதற்குள் அத்தையை ஸ்ட்ரெச்சரில் வைத்துப் பெல்ட் போட்டுவிட்டார்கள். முன்பக்கம் டிரைவரும் என் வீட்டுக்காரரும், பின்பக்கம் நர்ஸ். "சார், நீங்க இந்தப் பக்கம் புடிங்க" என்று நர்ஸ் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் அசையவில்லை.

"படி வழியா வேண்டாம்" என்றான்.

"வேற எந்த வழி மச்சான்? பறந்தா போக முடியும்?" என்றார் வீட்டுக்காரர்.

"இல்ல மாப்ள... அது வந்து... திருப்பம் குறுகலா இருக்கு. ஸ்ட்ரெச்சர் திரும்பாது."

"திரும்பும் சார். ஏறும்போதே பாத்துட்டோம்" என்றார் டிரைவர்.

"வெயில்ல கைப்பிடி கொதிக்குது. கை வைக்க முடியாது."

அவன் உளறுகிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து பார்க்கிறேனே! பொய் சொல்லும்போது காது மடலை இழுத்துவிட்டுக்கொள்வான். இப்போதும் இழுத்துக்கொண்டுதான் நின்றான். வீட்டுக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

"மச்சான், எங்கம்மா செத்துட்டிருக்கு. யானை ஏறும்னு சொன்னது நீங்க. அஞ்சு மனுசங்க எறங்க முடியாதா? புடிக்கறதுன்னா புடிங்க, இல்லன்னா ஒதுங்குங்க!"

ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். அத்தை வலியில் முனகினார். மூன்று பேரும் படிவாசலை நோக்கி நடந்தார்கள். டிரைவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே முதல் படிக்குக் காலைத் துழாவினார். அண்ணன் வாயைத் திறந்தான். மூடினான். கண்ணில் தண்ணீர் நின்றது. படிக்கு அடியில் அவன் குனிந்து நின்றதும், சுவரோடு ஒட்டி ஏறியதும் எனக்கு ஒரே நொடியில் உறைத்தது.

"நில்லுங்க!" என்று கத்திவிட்டேன். ஓடிப் போய் அண்ணனின் சட்டையைப் பிடித்தேன். "அண்ணே, நீ ஏன் இன்னிக்கு குதிக்கல?"

"என்னம்மா கேக்கற..."

"எப்ப வந்தாலும் குதிப்பியே. இன்னிக்கு ஏன் குதிக்கல? போ, இப்ப மேடையில போயி குதி. நீ குதிச்சதுக்கு அப்பறம் அத்தைய எறக்கட்டும். குதி பாக்கலாம்!"

பொத்தல் சட்டை என் பிடியில் கிழிந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடக்கிற அத்தையைப் பார்த்தான்.

"குதிச்சா விழுந்துரும்மா" என்றான்.

டிரைவர் முதல் படியில் வைத்த காலை மெதுவாக எடுத்தார். ஸ்ட்ரெச்சர் பின்னால் வந்தது, தரையில் இறங்கியது.

அதன்பிறகு அவனுக்கு வார்த்தை கொட்டியது. போன வாரம் ஒரு கடையின் விளம்பரப் பலகைச் சட்டத்தைக் கழற்றப் போயிருக்கிறான், எங்கள் படி கட்டிய அதே சமயத்தில் அவனே செய்து மாட்டியது. அடிப்பக்கத்தில் கை கொடுத்துத் தூக்கியிருக்கிறான். பற்றவைத்த இடம் அப்படியே கையோடு வந்துவிட்டதாம். மேலே சில்வர் பெயிண்ட் தோல் மாதிரி நிற்கிறது, உள்ளே இரும்பே இல்லை.

"பத்தவெக்கிற எடத்துல ஜிங்க், அதான் அந்த துத்தநாகம், எரிஞ்சு போயிடும் மாப்ள. அந்த எடம் வெறும் இரும்புதான். ஜிங்க் பெயிண்டு வெக்கணும், கனமா வெக்கணும். நான் சில்வர் அடிச்சு மூடிட்டேன். பாக்க ரெண்டும் ஒண்ணுதானேன்னு விட்டுட்டேன். எல்லாப் படிக்கும் அப்படித்தான் செஞ்சேன்."

"அம்மா தெனம் கழுவிச்சே!" என்றார் வீட்டுக்காரர். அழுகிற குரல்.

"மேல கழுவுனாங்க, மேல நல்லாருக்கு. அடியில மழை கூடப் படாது. படிஞ்ச உப்பு படிஞ்சபடியே இருக்கு. ஒரு வாரமா வந்து பாக்கணும் பாக்கணும்னு... மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தள்ளிப் போட்டேன் மாப்ள. இப்பதான் பாத்தேன். மேடைக்கு அடியில ரெண்டு மூலை போயிருச்சு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அங்கேயே நாலு அறை விட்டிருப்பேன். ஒரு வாரம்! அந்த ஒரு வாரமும் என் குழந்தைகள் அதில் ஓடி ஏறி, ஓடி இறங்கியிருக்கிறார்கள். ஆனால் நர்ஸ் நடுவில் புகுந்தார். "சண்டைய அப்பறம் வெச்சுக்கங்க. இந்தம்மாவுக்கு நேரமில்ல. தீயணைப்பு வண்டி வரட்டும்னா ரொம்ப நேரமாகும். வேற வழி இருக்கா, இல்லையா?"

"இருக்கு" என்றான் அண்ணன். அவன் கண் கிராதிமேல் இருந்தது. "இத அறுத்துட்டு இந்த வழியா எறக்கிடலாம். வேன்ல செயின் பிளாக் கெடக்கு."

செயின் பிளாக் என்பது சங்கிலியைக் கையால் இழுத்து இழுத்துக் கனத்த சாமானை ஏற்றி இறக்குகிற கப்பி. அதை எடுத்துவர அவனே சுவரோரமாக இறங்கினான். கம்பி அறுக்கிற கிரைண்டரையும் பெல்ட்டுகளையும் தோளில் மாட்டிக்கொண்டு மறுபடி ஏறினான். மேடையைத் தாண்டும்போது அடியில் கிரீச்சென்று ஒரு சத்தம். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

துருப்பிடித்த கிராதிதானே, தொட்டதும் உதிர்ந்துவிடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். உதிரவில்லை. சிவப்புத் தூள் முதலில் பறந்தது, உடனே உள்ளே பளிச்சென்று இரும்பு தெரிந்தது. தடித்த கம்பி. கிரைண்டர் கத்திக்கொண்டே இருக்கிறது, கம்பி அறுபட மாட்டேன் என்கிறது. பொறி பறந்து அவன் கழுத்தில் விழுகிறது. அவன் துடைக்கவில்லை. வட்டு தேய்ந்து போய் மாற்றினான். பாதிக் கம்பிகள்தான் ஆகியிருந்தன. நர்ஸ் அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, கண்ண மூடாதீங்க. எங்கிட்ட பேசுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"என்ன சத்தம்டா அது?" என்றார் அத்தை மெல்லிய குரலில்.

"கிராதிய அறுக்கறோம் அத்தை" என்றேன்.

"இப்பதான் புத்தி வந்துச்சா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

கடைசிக் கம்பி விழுந்தது. மேலே வராந்தாவுக்கு வெளியே நீண்டிருந்த சிமெண்டு உத்தரத்தைச் சுற்றிப் பெல்ட் போட்டு, கப்பியை மாட்டி, ஸ்ட்ரெச்சரின் நான்கு மூலையையும் கட்டினான் அண்ணன். ஒவ்வொரு முடிச்சையும் கட்டிவிட்டு முழு உடம்பையும் தொங்கவிட்டு இழுத்துப் பார்த்தான். வீட்டுக்காரரும் டிரைவரும் ஒவ்வொருவராகச் சுவரோரமாகக் கீழே இறங்கினார்கள். வீட்டுக்காரர் மேடையைத் தாண்டுகிறவரை நான் மூச்சே விடவில்லை. கயிற்றுக் கிடங்கு ஆட்களும் கீழே கை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஸ்ட்ரெச்சர் தரையை விட்டு எழும்பியது. நானும் நர்ஸும் அதை மெதுவாக வெளியே தள்ளினோம். அத்தை ஆகாயத்தில் தொங்கினார். காற்று அடித்து ஸ்ட்ரெச்சர் லேசாகச் சுழன்றது. அண்ணன் சங்கிலியைப் பிடித்தபடி நின்றுவிட்டான். அவன் கை வெடவெடவென்று நடுங்குவதை நான் பார்த்தேன். அத்தையும் பார்த்துவிட்டார்.

"என்னப்பா நிறுத்திட்ட? என்னைக் காயப் போடவா?" என்றார்.

"அத்தே... என்னை மன்னிச்சிருங்க..."

"திட்டுறத நான் அப்பறம் திட்டிக்கறேன். இப்ப கைய நடுங்காம எறக்கு."

அவன் மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டான். சங்கிலி கடகடவென்று ஓடத் தொடங்கியது. கீழே இருந்த கைகள் ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபோது தெருவில் யாரோ கை தட்டினார்கள். நர்ஸும் சுவரோரமாக இறங்கிப் போய் ஏறிக்கொள்ள, ஆம்புலன்ஸ் கிளம்பிப் போனது.

அன்று சாயங்காலத்துக்குள் அண்ணன் படி முழுவதையும் அறுத்துக் கீழே சாய்த்தான். மேடையின் அடிமூலையை அவன் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்ட, சில்வர் தோல் உரிந்து, உள்ளேயிருந்து பழுப்புத் தகடுகள் கொட்டின. நான் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். விரலுக்குள் நொறுங்கிவிட்டது. மேல்பக்கம் அத்தை துடைத்த கைப்பிடி அப்போதும் பளபளவென்றுதான் இருந்தது.

அத்தைக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தான், உள்ளே வரவில்லை. அத்தை எழுந்து உட்காரும் அளவுக்குத் தேறியதும் கேட்ட முதல் கேள்வி, "அவன் எங்க?" நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினேன். எது சொன்னாலும் வாங்கிக்கொள்கிறவன் போலத் தலையைக் குனிந்து நின்றான்.

"படி என்னாச்சு?"

"அறுத்துட்டேன் அத்தே. புதுசா கட்டித் தரேன். இந்த தடவ முழுசா பத்தவெச்சுட்டு, அப்பறமா மொத்தத்தையும் ஜிங்க்ல முக்கி எடுத்துட்டு வரேன். அடியிலயும் தண்ணி அடிக்கிற மாதிரி குழாய் வெச்சுத் தரேன். உங்க காலுல வேணும்னாலும் விழறேன்..."

"ஒடைஞ்ச காலு, விழுந்து தொலைக்காத" என்றார் அத்தை. பிறகு அவனை உற்றுப் பார்த்தார். "எங்க வீட்டுல மட்டுந்தான் இப்படி வெச்சியா?"

அண்ணனின் கை காது மடலுக்குப் போனது, பாதியில் இறங்கிவிட்டது.

"எல்லாப் படிக்கும் அப்படித்தான் செஞ்சேன்னு அன்னிக்கு நீ சொன்னது என் காதுல விழுந்துச்சு. இங்க வந்து எதுக்கு என் மூஞ்சியப் பாத்துட்டு நிக்கற? அங்கெல்லாம் ஏறி எறங்கிட்டில்ல இருப்பாங்க? போ. போயி சொல்லு."

"ஊரே காறித் துப்பும் அத்தே. அப்பறம் எனக்கு எவன் வேலை தருவான்?"

"துப்பட்டும். தொடைச்சுக்கோ."

அவன் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றான். அவன்மேல் எனக்கு இருந்த கோபம் தீரவில்லை, ஆனால் அவனைத் தனியாக அனுப்பவும் மனசு வரவில்லை. "வா, நானும் வரேன்" என்றேன். வேனில் ஏறினோம். தீப்பொறி என்று பெயர் எடுத்தவன், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு வந்தான்.

முதலில் போனது ஒரு தையல்காரர் வீட்டுக்கு. கீழே கடை, மாடியில் வீடு. எங்கள் வீட்டில் இருந்ததைப் போலவே வெளிப்படி, அதே மேடை. சுத்தமாகக் கழுவி வைத்திருந்தார்கள். வேன் சத்தம் கேட்டுத் தையல்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. கழுத்தில் அளவு நாடா தொங்க, இடுப்பில் சின்னப் பெண்குழந்தையோடு படியில் இறங்க ஆரம்பித்தார்.

"வாங்க வாங்க! இப்பதான் நம்ம படியப் பத்திப் பேசிட்டிருந்தேன். இன்னும் கல்லு மாதிரி நிக்குது. பாக்கறீங்களா?"

மேடைக்கு வந்து நின்று, குழந்தையை இறுக்கிக்கொண்டு, முழங்காலை மடக்கினார்.

"குதிக்காதீங்க!"

அண்ணன் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. அவன் வேனிலிருந்து பாய்ந்து ஓடி மேடைக்கு நேர் கீழே போய், இரண்டு கையையும் மேலே நீட்டிக்கொண்டு நின்றான். தையல்காரர் மடக்கிய முழங்காலோடு அப்படியே உறைந்துவிட்டார். குழந்தை அழ ஆரம்பித்தது.

"குதிக்காதீங்க. அசையாதீங்க" என்றான் அண்ணன். "செவுத்த ஒட்டி, ஓரமா கால வெச்சு, மெதுவா எறங்கி வாங்க. பாப்பாவ இறுக்கிப் புடிச்சுக்கங்க. நான் தப்பா கட்டிட்டேன்."